வெள்ளைத் துவக்கில் ஒரு சிவப்புப் புள்ளி

என் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன், இந்தப் பட்டறையில், எனக்கு வேலை பழக்கிய ஒரு பெண்மீது நான் செய்த பிழையைச் சுமத்தினேன். முதலாளியின் முன், அந்தப் பெண்ணே பார்த்துக்கொண்டிருக்க, பொய் சொன்னேன். அவருடைய வேலை போனது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் ஒரு கேள்வி. சென்ற மாதம் நான் பட்டறைக்குத் தேநீர் குடிக்க வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் என்னைக் கேட்டீர்கள்: ஒவ்வொரு துவக்கோடும் போகும் வேலை அட்டையின் அடியில் 'பொட்டு எடுத்தவர்' என்று தமிழில் ஒரு கட்டம் இருக்கிறதே, அது ஏன்? "அது பழைய கதை" என்று சொல்லிக் கோப்பையைக் கழுவ எழுந்து போனேன். இன்னொரு முறை தப்பிக்கொண்டேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஊரில் நான் இரசாயனம் படிப்பித்தவன். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து வேறு சில வேலைகள் பார்த்து, கடைசியில் உலோகத்துக்கு மேற்பூச்சு அடிக்கும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கார்ப் பாகங்கள், படிக்கட்டுக் கைப்பிடிகள், இயந்திர மூடிகள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது வரும். இலையுதிர்காலம் பிறந்தால் வேட்டைத் துப்பாக்கிகளும் வரும்; எங்கள் பேச்சில் துவக்குகள். வெண்பனியில் கறுப்புத் துவக்கு தூரத்திலேயே தெரிந்துவிடும் என்பதால், அதைப் பனியோடு பனியாக ஒளித்துத் தரும்படி கேட்பார்கள்.

முதல் துவக்கை மேசையில் வைத்தபோது என் கை தானாகப் பின்னால் போனது. அதன் காரணத்தை, போரிலிருந்து தப்பி வந்த உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். பக்கத்து மேசையில் இருந்தவர் அதைக் கவனித்தார். பூச்சுப் படக்கூடாத இடங்களை அடைப்பதும் மறைப்பதும் அவருடைய வேலை. என்னைவிட எட்டு வயது இளையவர். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவர். ஆனால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. அதுதான் அவருடைய பெயர் என்று முதலாளி இரண்டு வருடம் நினைத்திருந்தாராம். நானும் அக்கா என்றே அழைத்தேன். நான் ஊரில் ஆசிரியனாக இருந்ததால் அவர் என்னை மாஸ்ரர் என்றார்.

"இது மிருகம் சுடுற துவக்கு, மாஸ்ரர். ஆள் சுடுற துவக்கில்லை" என்றார்.

"ஓம்."

"ஆனா அது துவக்குக்குத் தெரியாது. அதால எங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். முதல்ல உள்ளுக்குக் குண்டு கிடக்கோ எண்டு பாருங்கோ."

"முதலாளி பாத்திட்டுத்தானே தந்தவர்?"

"அவர் பாத்தது அவருக்கு. நீங்கள் பாருங்கோ."

பார்த்தேன். குண்டு இல்லை. என் கை இப்போது பின்வாங்கவில்லை. இருபது வருடம் இந்த வேலையில் சோறு தின்றதற்கு நான் நன்றி சொல்லவேண்டிய முதல் ஆள் அவர்தான்.

நிறம் பார்க்கவும் அவர்தான் பழக்கினார். என்னுடைய முதல் வெள்ளைத் துவக்கைச் சுவருக்கு அடித்ததுபோல அடித்து வைத்திருந்தேன். அவர் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போனார்.

"உந்தக் காருக்குக் கீழ கிடக்கிற பனி என்ன நிறம்?"

"வெள்ளை."

"படிச்ச மனுசன் எண்டினம். குனிஞ்சு பாருங்கோ."

குனிந்தேன். காரின் நிழலில் கிடந்த பனி நீலச் சாம்பலாக இருந்தது. வேலியோரத்துப் பனியில் பழுப்புக் கீறல்கள். மிதித்த இடம் ஒரு நிறம், மிதிக்காத இடம் வேறொரு நிறம். பனியையே கண்டிராத ஊரில் பிறந்த இரண்டு பேர் காது விறைக்க நின்று பனியைப் படித்தோம். அதன் பிறகு நான் அடித்த எந்தத் துவக்கும் வெறும் வெள்ளையாக இருந்ததில்லை.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். நாங்கள் நன்றாக ஒளித்துக் கொடுத்த ஒரு துவக்கின் சொந்தக்காரர், ஒன்றுக்குப் போவதற்காக அதைப் பனியில் வைத்தார். திரும்பினால் துவக்கைக் காணவில்லை. முக்கால் மணி நேரம் முழங்காலில் தவழ்ந்து தடவியிருக்கிறார். பட்டறைக்கு வந்து சத்தம் போட்டார். நான் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடினேன். அக்கா சிரிக்கவில்லை. வந்தவர் போன பிறகு சொன்னார்: "பிழை எங்களிலதான். என்ன நிறம் வேணும் எண்டு கேட்டம். அதை வச்சு என்ன செய்வார் எண்டு கேக்கேல்லை." அன்று முதல் தோள்வாரில் ஒரு செம்மஞ்சள் பட்டி கட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கமானது.

இவ்வளவும் கேட்டிருந்த நான்தான் பின்வருவதைச் செய்தேன்.

வேட்டைத் துவக்கின் பாதுகாப்புப் பூட்டு உங்களுக்குத் தெரியும். அதை முன்னால் தள்ளினால் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று வெளியே தெரியும். சிவப்புத் தெரிந்தால் சுடும். பின்னால் இழுத்தால் புள்ளி மறையும், சுடாது. அந்தப் புள்ளியில் பூச்சுப் படாமல் அக்கா பச்சை ஒட்டுநாடாவில் ஒரு சிறு வட்டம் துளைத்து எடுத்து, ஊசி முனையால் அதன்மேல் ஒட்டுவார். அதைப் பொட்டு என்பார்; முதலாளிக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. அட்டையில் 'பொட்டு வைத்தாயிற்று' என்று எழுதிக் கையொப்பம் இடுவார். வைத்தவரே எடுக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். எழுதப்படாத சட்டம்.

வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் செம்மறிப் பண்ணை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரு துவக்கைக் கொண்டுவந்தார்கள். பனிக்காலத்தில் ஓநாய் மாதிரியான கொயோட்டிகள் வந்து ஆடுகளைப் பிடிப்பதால் அவர்களுக்கு அது வேலைச் சாமான். "ஒரு துளி நிறமும் தெரியக்கூடாது" என்று அண்ணன்காரர் இரண்டு தரம் சொன்னார். வேலையை வெள்ளிக்கிழமை பிற்பகல் முடித்தோம். மாலையில் பனிப்புயல் வரும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் அதற்கு முன்னர் ஊர் திரும்ப வேண்டும் என்று நேரத்தோடு வந்து, வெளியே வண்டியை இயங்க விட்டுக் காத்திருந்தார்கள். மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைச் சந்திக்க அக்கா இரண்டு மணிக்கே போய்விட்டார்.

கடைசிப் பூச்சு மட்டும் பாக்கி. துவக்கை விளக்கின் கீழ் பிடித்தேன். அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. அந்த அழகின் நடுவில் பச்சைப் பொட்டு பரு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. எடுத்தால் அடியில் சிவப்பு இருக்கும், சுற்றிலும் ஒரு விளிம்பும் தெரியும். அவர்தான் ஒரு துளி நிறமும் வேண்டாம் என்றாரே என்று நினைத்தேன். அவசரத்தில் மனம் செய்யும் வேலையைப் பாருங்கள். எனக்கு வசதியாக இருந்த வாடிக்கையாளரின் சொல்லை அது கட்டளை ஆக்கியது. வசதியில்லாத அக்காவின் சொல்லைப் பழக்கம் என்று தள்ளிவைத்தது. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாடிக்கையாளர் கதவுக்கு வெளியேதான் நின்றார். இரண்டு பேரில் ஒருவரைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது. நான் சாமணத்தால் பொட்டை எடுத்தேன். அது கையுறையின் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன். பூச்சு அடித்தேன். சூட்டு அடுப்பில் வைத்துப் பூச்சை இறுக்கினேன். அண்ணன்காரர் துவக்கை வாங்கிப் பார்த்துச் சீழ்க்கை அடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் தனியாக வந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. குண்டு போட்டபடி கொட்டகைச் சுவரில் அவர் சாத்தி வைத்திருந்த துவக்கைத் தம்பி எடுத்திருக்கிறார். இருபது வருடம் அந்தப் புள்ளியைத் தேடிப் பழகிய கண். பார்த்தார், சிவப்பு இல்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தூக்கினார். கையுறை விசையில் மாட்டியது. இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

பொலிஸ் விசாரித்து விபத்து என்று முடித்தது. முதலாளி எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அட்டை இருந்தது. 'பொட்டு வைத்தாயிற்று', கீழே அக்காவின் கையொப்பம்.

"நீ வைத்ததாக எழுதியிருக்கிறாய். புள்ளிமேல் பூச்சு இருக்கிறது" என்றார் முதலாளி.

"நான் வைத்தேன்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "மாஸ்ரர், நீங்கள் அடிக்கேக்க அதில பொட்டு இருந்ததுதானே? சொல்லுங்கோவன்."

அவர் என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. சாட்சிக்கு அழைத்தார்.

நான் பயந்தேன். வேலை போகும், வழக்கு வரும், வீட்டுக் கடன் இருக்கிறது என்று அரைக் கணத்தில் எல்லாம் வந்து நின்றன. இவை காரணங்கள், நியாயங்கள் அல்ல. "இல்லை, நான் அடிக்கேக்க அதில ஒண்டும் இருக்கேல்லை" என்றேன். அதையே முதலாளியிடம் ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அக்காவின் வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு தன் கைகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதை அப்போது அவமானம் என்று நினைத்தேன். அது என்ன என்று எட்டு வருடம் கழித்துத்தான் விளங்கியது.

அந்த வசந்தத்தில் என்னைத் துவக்கு வேலைகளுக்குப் பொறுப்பாக்கினார்கள். எட்டு ஆண்டுகள் ஒழுங்காக வேலை செய்தேன். யாரையும் பொட்டில் கை வைக்க விடவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நம்பவும் தொடங்கினேன். நான் ஓய்வு பெற்ற பிரியாவிடை நாளில் முதலாளி, "இவர் அட்டையில் ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அதே வருடம் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை வாசலில் அக்காவைக் கண்டேன். ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் பொதி கட்டும் வேலை செய்வதாகச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே கணவரின் காரடிக்குப் போய்க் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு வார்த்தை பேசினார். மறுபடியும் போனார். மூன்றாம் தரம் போய் வந்தபோது வெட்கத்துடன் சிரித்தார்.

"பூட்டினதுதான் மாஸ்ரர். ஆனா எனக்கு என்ர கையில நம்பிக்கை இல்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, என்ர மறதி."

"மறதியோ?"

"வச்சனான் எண்டு சத்தியம் பண்ணுவன். அந்தளவுக்கு நினைவிருந்தது. ஆனா மாஸ்ரர் இல்லையெண்டு சொன்னா இல்லைத்தானே. நீங்கள் பொய் சொல்லுற ஆளே? அப்ப என்ர மூளைதான் பொய் சொல்லியிருக்கு. ஒரு மனுசன்ர கால் போயிட்டுது."

நான் அவருடைய வேலையை மட்டும் எடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவருடைய கையையும் எடுத்திருந்தேன். என் பொய்யை நம்புவதற்காக அவர் தன் நினைவையே பொய்யாக்கிக்கொண்டார். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒரு பனிக்காலம் போனது. அதையும் என் கணக்கில் சேருங்கள்.

பனி உருகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வோபர்னில் இருந்த அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். கணவர் தேநீர் ஊற்றினார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் மடிக்கணினியோடு ஓரத்தில் இருந்தாள். நான் கோப்பையைத் தொடாமல் சொன்னேன். பொட்டு இருந்தது. அதை எடுத்தது நான். உங்களுக்கு மறதி இல்லை.

அக்கா கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"எடுத்து எங்க போட்டனீங்கள்?"

"கையுறையில ஒட்டினது. பெருவிரல்ல. உதறினனான்."

"பச்சைதானே?"

"பச்சை."

"விளிம்பில ஒரு பக்கம் கொஞ்சம் நசிஞ்சு இருந்ததே? துளைக்கேக்க சரியா வெட்டுப்படேல்லை. வேற வைப்பம் எண்டு நினைச்சிட்டு, நேரம் போயிட்டுது எண்டு விட்டனான்."

"ஓம். நசிஞ்சிருந்தது."

அவர் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். மகள் எழுந்து வந்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று தோளைப் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நாங்கள் எல்லாரும் அம்மாவைப் பகிடி பண்ணுறனாங்கள். அடுப்பை நிப்பாட்டினனீங்களோ, நிப்பாட்டினனீங்களோ எண்டு. நைன் இயர்ஸா."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பொஸ்ஸுக்குச் சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"கால் போன ஆளுக்கு?"

"இல்லை."

"அப்ப என்னட்டை ஏன் முதல் வந்தனீங்கள்? நான் பாவம் பாப்பன் எண்டோ? போய் அங்க சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தேன். மன்னிக்கப்படாத ஒருவனுக்குக் கிடைத்த தேநீர் அது. அதற்கும் நன்றி.

முதலாளி அப்போது பட்டறையை மகளிடம் விட்டுவிட்டு யூனியன்விலில் மகன் வீட்டில் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் அவளை நம்பவில்லை. உன்னைத்தான் நம்பினேன். நீ படித்தவன் என்று" என்றார். அக்காவுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, பழைய அட்டையைத் தேடித் திருத்தச் சொன்னார்.

வடக்கே போகும்போது பயமாக இருந்தது. தம்பிக்காரர் கொஞ்சம் சாய்ந்து நடந்து வந்து கதவைத் திறந்தார். வழக்குப் போட்டாலும் ஏற்றுக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து கேட்டார். "குண்டு போட்ட துவக்கைச் சாத்தி வைத்தது என் அண்ணன். பார்க்காமல் தூக்கியது நான். அது எங்களுடைய பங்கு. புள்ளி உன்னுடைய பங்கு. உன் பங்கை நான் சுமக்கமாட்டேன். நீயே கொண்டு போ" என்றார். பிறகு, "அந்தப் பெண்ணைத்தான் நான் இவ்வளவு காலமும் திட்டிக்கொண்டிருந்தேன்" என்றார். அந்தத் துவக்கு அன்று முதல் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவருவதாகவும், புள்ளியை அந்தப் பெண்தான் திரும்ப வைக்கவேண்டும் என்றும் சொன்னார்.

அக்கா அந்த ஒரு வேலைக்காக வந்தார். என்னையும் வரச் சொல்லி ஆளனுப்பினார். அவருடைய பழைய மேசையில் வெள்ளைத் துவக்கு கிடந்தது. பூச்சு ஒரு இடத்திலும் உரியவில்லை. அது என்னை இன்னும் வெட்கப்பட வைத்தது. அவர் முதலில் குண்டு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன்.

"பிடியுங்கோ. ஆடாதேங்கோ."

பிடித்தேன். அவர் கூரிய முனையால் பூச்சை அணு அணுவாகச் சுரண்டினார். பிறகு ஊசி நுனியால் சிவப்பை வைத்தார். காய்ந்ததும் பூட்டை முன்னால் தள்ளினார்.

"என்ன தெரியுது?"

"சிவப்பு."

பின்னால் இழுத்தார். "இப்ப?"

"தெரியேல்லை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

மூன்று தரம் சொல்ல வைத்தார். பிறகு அந்தப் பழைய அட்டையை எடுத்து, கீழே அளவுகோல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டார். 'பொட்டு எடுத்தவர்' என்று எழுதி என் பக்கம் தள்ளினார். ஒன்பது வருடம் பிந்தி அதில் கையொப்பம் இட்டேன். அதன் பிறகு அந்தக் கோடு எல்லா அட்டைகளிலும் சேர்ந்தது; நீங்கள் கேட்ட கட்டம் அப்படித்தான் வந்தது.

முதலாளியின் மகள் அவரைத் திரும்ப வேலைக்குக் கேட்டார். செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவேன், பழக்குகிற வேலை என்றால் செய்வேன் என்றார். உங்களுக்கு இப்போது பொட்டு வைக்கப் பழக்குகிறவர் அவர்தான். தன் பெயரை எழுதவேண்டாம் என்று சொன்னார், எழுதவில்லை. என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். கண்டால் மாஸ்ரர் என்பதில்லை, அண்ணை என்கிறார். அது போதும்.

புள்ளி வைத்த அன்று மாலை வேலை முடிந்து அக்கா துவக்கை இரும்பு அலமாரியில் வைத்தார். பூட்டினார். சாவியை முதலாளியின் மகளிடம் கொடுத்துவிட்டு, குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். நான் ஜன்னலருகில் நின்றேன். பாதித் தூரத்தில் நின்று திரும்புவார், வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பஸ் வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.